ஆகாயவிமான ஓசையும் மலைநாட்டு அயலவரும்

கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் இசைக்கவையை இறப்பர்த் தக்கையிலே தட்டி, நீர் நிரம்பிய குழாயின் வாயிற் பிடித்துப் பரிவு எழும் இடத்தைத் தேடிய நாட்களை எமது பழைய மாணவர் எவரும் மறந்திரார். அன்று நாம் கற்ற ஒலியியல் பரீட்சைக்குரிய ஒலியியலாகவே இருந்தது. ஒலியின் வேகத்தைக் கணித்தோம், அலைநீளத்தைக் கணித்தோம், அவ்வொலி சென்று சேருஞ் செவி யாருடையது என்று எவரும் எம்மைக் கேட்டதில்லை. அக்கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். விமான நிலையங்களின் ஓசையை உலகத்துச் சட்டங்கள் எவ்வாறு அடக்க முயன்றன, அம்முயற்சிகள் எமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வருமிடத்து எவ்வளவு தூரம் பயன்படும் என்பதே ஆராய்ச்சிப் பொருளாகும்.

ஓடுபாதை கொண்ட விமான நிலையம் ஒன்றுமில்லாத நுவரெலியா மாவட்டத்துக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை காசல்ரீ நீர்த்தேக்கத்திலே மிதக்கின்றது. மின்சாரத்துக்காக 1960களில் அமைக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்தில், 2010களில், உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிய ஒற்றை இயந்திரச் சிறு விமானங்கள் நீர்மேல் இறங்கி ஏறலாயின. ஹட்டனுக்குக் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் அரைநாட் பிரயாணம்; விமானத்திலோ அரைமணி நேர அளவு. எனவே இவ்வழி நாளடைவிற் பெருகுமேயன்றிக் குறையாது என எண்ண இடமுண்டு. இன்றுள்ள தொகையைக் கொண்டு இதனைப் பெருந்தொல்லை என்று கூறுதல் நியாயமன்று. அவ்வாறு கூற நாம் முன்வரவுமில்லை. விமானங்கள் சில, அவையும் பகலிலே வருவன. ஆயினும் ஓசைபற்றிய விதிகள் யாவும் விமானம் பெருகி, வழக்கு முற்றிய பின்னரே உலகெங்கும் எழுதப்பட்டன. பெருகுமுன் எழுதும் வாய்ப்பு எமக்கு இருக்கின்றது.

ஆகாயவிமானம் இம்மலைகளுக்குப் புதியதுமன்று. கிழக்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வரும் விமானங்கள் இச்சிகரங்களுக்கு மேலாகவே செல்வன. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த ஒல்லாந்து விமானம் நோட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். உயரத்தைச் சமவெளிக் கணக்கிலே பார்த்தால் மலைநாட்டில் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. ஓசைக்கும் அவ்வுயரக் கணக்கே ஆதாரம் என்பதை இனிக் காண்போம்.

திறந்த வெளியில் ஒலியின் மூலத்திலிருந்து நாம் இருமடங்கு தூரம் விலகினால் ஓசை ஏறக்குறைய 6 தெசிபெல் குறையும். தெசிபெல் என்பது கூட்டல் அளவன்று, பெருக்கல் அளவு. 3 தெசிபெல் ஏறினால் ஒலியின் வலு இரட்டிப்பாகும், 10 தெசிபெல் ஏறினாற் செவிக்கு இரட்டிப்பாகக் கேட்கும். இப்பொழுது நீர்மட்டத்துக்கு 300 மீற்றர் மேலே ஒரு விமானம் பறப்பதாகக் கொள்வோம். சமவெளியாயின் கீழிருப்பவனுக்கும் அதற்கும் இடைத்தூரம் 300 மீற்றர். ஆனால் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த சரிவில், நீருக்கு 200 மீற்றர் உயரத்தில் ஒரு லயம் இருக்குமாயின், அதன் கூரைக்கு நேர்மேலே செல்லும் விமானம் அதற்கு 100 மீற்றர் தூரத்திலேயே செல்கின்றது. தூரம் மூன்றிலொரு பங்காகின்றது; ஓசை ஏறக்குறைய 9½ தெசிபெல் ஏறுகின்றது. விமானி தன் உயரத்தை எள்ளளவும் மாற்றவில்லை. அவர் குற்றமும் ஒன்றுமில்லை. நிலந்தான் மேலெழுந்து ஓசையை நெருங்கிவிட்டது.

இதனோடு குளிரும் சேர்ந்துகொள்கின்றது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் விடியற்காலங்களை அறியாதார் இல்லை. அத்தகைய தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியிலே தேங்க, அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோற் கிடக்கும். ஒலி வெப்பமான காற்றில் விரைந்தும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்வதாதலின், மேல்நோக்கிப் போகவேண்டிய ஒலி வளைந்து மீண்டும் நிலத்துக்கே திரும்பும். அக்கரையிற் பேசுவது இக்கரையிற் கேட்பதும், எதிர்மலைக் கோயில் மணி பக்கத்தில் ஒலிப்பதுபோலத் தோன்றுவதும் இதனாலேதான். நீர்ப்பரப்போ ஒலியை விழுங்காமல் அனுப்பிவிடும். எதிர்ச்சரிவு அதனைத் திருப்பி அனுப்பும். இத்தனைக்கும் அடியில் இருப்பது மெல்லிய தகரக் கூரையும், ஒரே சுவரால் அடுத்த வீட்டோடு ஒட்டிய லயக் காம்பராவும். கல்லிலே கட்டிய துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே விமானம் ஒரே ஓசையைத் தருவதில்லை.

விமானங்களின் ஓசைக்குச் சர்வதேச அளவு இல்லாமலில்லை. 1944ஆம் ஆண்டின் சிக்காக்கோ உடன்படிக்கைக்கு 1971இல் 16ஆம் இணைப்பு சேர்க்கப்பட்டது. எந்த விமானமும் ஓசைச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற நியதி அதனால் வந்தது. சிறு சுழலி விமானங்களுக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. அதன் பயனாக இன்றைய விமானம் 1960களின் விமானத்தைவிடப் பெரிதும் அமைதியானது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் சான்றிதழுக்கான பரிசோதனை நடைபெறுவது தட்டையான திறந்த வெளியில். அந்த இலக்கம் நேர்மையானதே. பள்ளத்தாக்கைப் பற்றி அஃது ஒன்றும் சொல்லாது.

நிற்க. இலங்கைச் சட்டத்தைப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1996இல் ஓசைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. அவை நாட்டை இடவகையாற் பிரித்தன. பிரதேச சபை எல்லைக்குள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 55 தெசிபெல், ஏனைய நேரத்தில் 45. மாநகர, நகர சபை எல்லைக்குள் 63, 50. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் முதலியவற்றைச் சூழ்ந்த 100 மீற்றர் மௌன வலயமாகும். ஆங்கு 50, 45. இதன்படி ஹட்டன் நகரத்தவர் செவியைவிடக் காசல்ரீக் கரைத் தோட்டத்தவர் செவிக்குச் சட்டத்திற் கூடுதலான காப்பு உண்டு. தோட்டத்து மக்களுக்கு நகரத்தவரைவிட மேலான உரிமை ஏட்டிலேனும் கிடைத்த இடங்கள் மிகச்சில. அவற்றுள் இஃது ஒன்றென்பதைக் குறித்துக்கொள்வோம்.

ஆனால் அக்காப்பு எத்தகையது என்பது அளக்கும் முறையைப் பொறுத்தது. மேற்கூறிய அளவுகள் ஒரு கால எல்லைக்குள் பரவிய சராசரி அளவுகள். மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். லய வாசலில் 80 தெசிபெல் ஓசையோடு ஒரு விமானம் 20 வினாடி கடந்து செல்கின்றது என்க. பன்னிரண்டு மணித்தியாலத்தில் 43,200 வினாடிகள் உள. அந்த 20 வினாடி ஓசையை அத்தனை வினாடிகளிலும் பரப்பினால் வருவது ஏறக்குறைய 46.7 தெசிபெல். ஆறு விமானங்கள் சென்றாலும் 54.4, சட்டத்தின் 55ஐ எட்டாது. எனவே பேச்சை நிறுத்தி, குழந்தையை விழிப்பித்து, மாடு கயிற்றை அறுக்க எத்தனிக்கும்படி ஆறு முறை கூரைமேற் பறந்தும், அன்றைய தினம் சட்டப்படி அமைதியான தினமாகவே கழியும். சராசரி ஆற்றின் ஆழத்தை நம்பி இறங்கினவன் கதை எமது ஊர்களில் வழங்குவதுதானே. உறங்குபவன் சராசரியால் விழிப்பதில்லை. ஓசையின் உச்சத்தாலேயே விழிக்கின்றான். ஆதலின் விமான ஓசைக்குச் சராசரியோடு உச்ச அளவும், எத்தனை முறை என்ற எண்ணிக்கையும் விதியில் இடம்பெறல் வேண்டும்.

இனி, பகலுக்குத் தளர்ந்த அளவும் இரவுக்கு இறுகிய அளவும் வகுத்ததன் கருத்து யாது? மனிதன் இரவில் உறங்குவான் என்பதே. தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர் இக்கருத்தைக் கேட்டு நகைப்பர். பகலிற் பறித்த கொழுந்து மாலையில் வந்து, தட்டுகளிற் பல மணிநேரம் வாடி, நள்ளிரவிலோ விடியலிலோ உருளைக்கு ஏறுகின்றது. அவ்வேலையை முடித்துக் காலையில் லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்குப் பகலே இரவு. அவர் படுத்து ஒரு மணித்தியாலம் ஆவதற்குள், மூடுபனி விலகிய நல்ல வெளிச்சத்தில், உல்லாசப் பிரயாணிகளின் முதல் விமானம் வரும். இவருடைய உறக்கத்துக்கு எந்த நாட்டு விதியிலும் நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதாக நாம் காணவில்லை. சிட்னி விமான நிலையத்துக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை ஓய்வு விதித்தது. அத்தகைய விதி ஹட்டன் பக்கத்துக்கு எழுத்துக்கெழுத்து வந்தாலும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உதவாது.

பிள்ளைகளின் கல்வியைப்பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டிய இரண்டு ஆராய்ச்சிகள் உள. மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்திலே திறக்கப்பட்டபோது, இரு பக்கத்துப் பிள்ளைகளையும் அறிஞர்கள் தொடர்ந்து சோதித்தனர். ஓசை புதிதாகச் சென்ற இடத்தில் வாசிப்பும் நீண்டநாள் ஞாபகமும் குன்றின. ஓசை நீங்கிய இடத்தில் அவை மீண்டன. மீண்டன என்பதே இங்கு முக்கியம். பிள்ளைகளின் குறைபாடு பிள்ளைகளிடத்தில் இருக்கவில்லை. இரண்டாவது, லண்டன், அம்ஸ்ரர்டாம், மட்றிட் ஆகிய நகரங்களின் விமான நிலையங்களை அடுத்த பாடசாலைகளில் 2,800க்கு மேற்பட்ட 9, 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2005இல் வெளியான ஆராய்ச்சி. ஓசை ஏற ஏற வாசித்து விளங்கும் ஆற்றல் இறங்கியதை அது காட்டிற்று. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள் நடைபெறும் தோட்டப் பாடசாலைகளை நாம் பார்த்திருக்கின்றோம். ஆசிரியர் குரல் அடுத்த வகுப்பின் வாய்பாட்டையே வெல்லமுடியாத இடத்தில் இன்னொரு ஓசைக்கு ஏது இடம்?

நீதிமன்றங்கள் இதனை எவ்வாறு நோக்கின? 1946இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வழக்கு வந்தது. இராணுவ விமானங்கள் அவர் வீட்டுக்கு 67 அடி உயரத்திலே பறந்தன. அஞ்சிய கோழிகள் சுவரில் மோதி நூற்றைம்பது வரை மாண்டன. நிலத்துக்கு உரியவன் ஆகாயம்வரை உரியவன் என்ற பழைய நியாயத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனினும் நிலத்தைப் பயன்படுத்த முடியாதவாறு தாழ்ந்தும் அடிக்கடியும் பறப்பது அந்நிலத்தைக் கவர்வதற்கு ஒப்பாகும், அதற்கு நட்டஈடு உண்டு என்று தீர்த்தது. கோழிகளுக்கு நீதி கிடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்வாருண்டு. உண்மையில் நீதி கிடைத்தது நில உறுதிக்கு.

ஒசாக்கா விமான நிலையத்து அயலவர் 1969இல் வழக்கிட்டனர். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானம் கூடாது என்றது. 1981இல் யப்பானிய உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கி, கடந்தகாலத் துன்பத்துக்கு மாத்திரம் பணம் கொடுக்கச் செய்தது. ஆயினும் இரவு ஓய்வு நடைமுறையிலே நிலைத்துவிட்டது. வழக்கில் தோற்று வாழ்க்கையில் வென்றவர்கள் என அவர்களைக் கூறலாம்.

மூன்றாவது வழக்கின் பெயரே எமது கவனத்தைக் கவர்ந்தது. லண்டன் ஹீத்ரோ நிலையத்தின் இரவு விமானங்களை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்ற அவ்வழக்கு, முதல் மனுதாரரின் குடும்பப் பெயரால் ‘ஹட்டன் வழக்கு’ என்றே சட்ட நூல்களில் வழங்குகின்றது. எமது ஹட்டனுக்கும் அதற்கும் உறவு யாதுமில்லை. ஆனால் எமது ஹட்டனார் கூர்ந்து படிக்கவேண்டிய வழக்கு அது. 2001இல் அயலவர் வென்றனர். 2003 யூலையில் பெரிய ஆயம் அத்தீர்ப்பை மாற்றி, நாட்டின் பொருளாதார நலனையும் அயலவர் உறக்கத்தையும் அரசாங்கம் தகுந்தவாறு சீர்தூக்கியதாகக் கூறிற்று. உள்நாட்டு நீதிமன்றங்களில் முறையிட ஏற்ற வழி இருக்கவில்லை என்ற ஒன்றில் மாத்திரம் அயலவர் பக்கம் நின்றது. அந்தப் பெரிய ஆயம் கூறிய காரணங்களுள் ஒன்று எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அப்பகுதியில் வீடுகளின் விலை வீழ்ச்சியடையவில்லை. ஆகவே விரும்பாதவர் நட்டமின்றி வீட்டை விற்று வேறிடம் செல்லலாம் என்பதே அது.

லயத்து மனிதன் எதை விற்பான்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இந்த மாற்றங்களுள் எதுவும் லயக் காம்பராவின் உறுதியைப் பெரும்பாலான குடும்பங்களின் கையிற் கொடுக்கவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை தோட்டத்தோடு ஒட்டியது. கோழிப்பண்ணைக்காரருக்கு நிலம் இருந்தது. லண்டன்வாசிக்கு விற்க வீடு இருந்தது. ஐந்து தலைமுறை உறங்கிய இடமாயினும் சட்டத்தின் கண்ணில் லயத்தவன் அவ்விடத்தின் உரிமையாளன் அல்லன். ஓசைக்கு நட்டஈடு என்று ஒன்று வருமாயின் அது குத்தகைக்காரக் கம்பனியின் வாசலுக்கே செல்லும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணிசெய்ய இடந்தராதிருந்தது. 2018இலேதான் அத்தடை திருத்தத்தால் நீங்கியது. ஓசை விதியில் ‘பிரதேச சபை எல்லை’ என்ற மேலான காப்பு 1996 முதல் எழுதப்பட்டிருக்க, அந்தச் சபை தோட்ட வாசலுக்கு வர இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2001இல் சமநிலை அணுகுமுறை என ஒன்றை ஏற்றுக்கொண்டது. விமானத்தின் ஓசையைத் தோற்றத்திலேயே குறைத்தல், நிலையத்தைச் சுற்றிய நிலத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தல், ஓசை குறையப் பறக்கும் முறைகள் என்பன போதாதவிடத்தே பறப்புக்குத் தடைவிதித்தல் என்பது அதன் சாரம். நிலத்தைத் திட்டமிடல் என்பதன் பொருள், விமானப் பாதையின் கீழே வீடு கட்டவிடாமை. நல்ல விதிதான். ஆனால் இங்கே வீடுகள் முன்னே வந்தவை. விமானம் பின்னே வருவது. வீட்டை விலக்குவதற்குரிய விதியைக் கொண்டு லயத்தை விலக்க எவரேனும் எண்ணுவாராயின் அது விதியைத் தலைகீழாகப் பிடித்தலாகும். இவ்விடத்தில் விலகவேண்டியது பாதை. காசல்ரீ போன்ற நீண்டு கிளைத்த நீர்த்தேக்கத்தில் எக்கிளையில் இறங்குவது, எச்சரிவை விட்டு ஏறுவது என்று தெரிவதற்கு இடமுண்டு. அதற்குப் பணச்செலவு சிறிது, கேட்கும் மனம் மாத்திரமே வேண்டும்.

கேட்கும் மனத்துக்கு எமது நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஒலிபெருக்கித் தொல்லை பற்றிய வழக்கொன்றில் இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று கட்டளையிட்டது. விசேட சமய நிகழ்ச்சிகளுக்கு மாத்திரம் வரையறையோடு விலக்கு அளித்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற அரசியலமைப்பு உரிமையின்மேல் அக்கட்டளை நின்றது. அங்கே நீதிமன்றம் எவரிடமும் நில உறுதி கேட்கவில்லை. செவி இருந்தது, அது போதுமாயிருந்தது. எமது கோயில் திருவிழாக்காரர் சிலருக்கு அக்கட்டளை கசந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்தவன் விமானத்துக்கு விதி கேட்கும் நாம் எமது ஒலிபெருக்கிக்கும் விதியை ஏற்கத்தான் வேண்டும்.

விமான நிலையம் அமைத்தல் சுற்றாடற் பாதிப்பு மதிப்பீட்டுக்கு உட்பட்ட திட்டங்களுள் ஒன்று. மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, முப்பது நாட்களுக்குள் கருத்துக் கூற இடமளிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. ஓடுபாதை போடாது நீரில் இறங்குந் தளம் இவ்வகையுள் அடங்குமா என்பது சட்ட அறிஞர் வாதிக்கவேண்டிய விஷயம். அடங்கவேண்டும் என்பது எமது துணிபு. ஏனெனில் இவ்விதி கருத்துக் கூறுவோரை நிலவுடைமையாளர் என்று சுருக்கவில்லை. பொதுமக்கள் என்றே விரித்திருக்கின்றது. 1948 முதல் 2003 வரை குடியுரிமைக்கே சட்டத்துக்குப்பின் சட்டமாகக் காத்திருந்த மக்களுக்கு, ‘பொதுமக்கள்’ என்ற அச்சொல் சிறியதன்று.

முப்பது நாள் என்பது கொழும்பிலே முப்பது நாள். மேற்பிரிவுத் தோட்டத்திற் பத்திரிகை வந்து, ஒருவர் வாசித்து, பத்துப் பேருக்குச் சொல்லி முடிவதற்குள் அதிற் பாதி கழிந்துவிடும். எனவே அறிவித்தலை வர்த்தமானியோடு நிறுத்தாமல் பெரட்டுக்களத்திலும், பிள்ளை மடுவத்திலும், கோயில் வாசலிலும் தமிழில் ஒட்டவேண்டும். வைத்தவுடன் வாசித்துக் காட்டவும் வேண்டும். ஓசைமானியை நீர்த்தேக்கக் கரையிலோ பங்களாப் புற்றரையிலோ வைத்து அளந்து செல்லாமல், மேல் லயத்தின் இஸ்தோப்பிலே, காலை எட்டு மணிக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்தவர் உள்ளே படுத்திருக்கும்போது வைத்து அளக்கவேண்டும்.